ஜாமீனா, மருத்துவமனைக் காவலா? விசாரணையை எதிர்கொள்ள முடியாத மனநோயாளிக்கு எது நல்லது

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். நோய் முற்றியிருந்த நேரத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை வெட்டிவிட்டான். அவர் பிழைத்துக்கொண்டார்; கொலை முயற்சி வழக்கு பதிவானது. தன் மீது என்ன வழக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதே அவனுக்குப் புரியவில்லை. மருத்துவ அறிக்கையைப் பார்த்த நீதிபதி, தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இவன் இல்லை என்று விசாரணையை நிறுத்திவைத்தார். அவனை ஜாமீனில் எடுத்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பதா, அரசு மனநல மருத்துவமனையில் காவலில் விடுவதா என்று அப்போது நாங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஜாமீன் கேட்டோம். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் கேட்டால் பெரும்பாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குற்றம் நடந்த நேரத்தில் புத்தி சுவாதீனம் இல்லை என்று சொல்லி விடுதலை கேட்பது வேறு விஷயம். அது விசாரணை முடிவில் வரும். இங்கே பேச்சு, இப்போது விசாரணையைத் தாங்கும் நிலையில் ஒருவர் இருக்கிறாரா என்பது மட்டும்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 367 முதல் 378 வரையான பிரிவுகள் இதற்கானவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 328 முதல் 339 வரை. ஜாமீன், காவல் இரண்டுமே 369-ஆம் பிரிவில் (பழைய 330) இருக்கின்றன.

அந்தப் பிரிவு ஜாமீனைத்தான் முதலில் சொல்கிறது. சாதாரணமாக ஜாமீன் கிடைக்காத குற்றமாக இருந்தாலும் விடலாம். நிபந்தனை இரண்டு. உள்நோயாளியாகச் சேர்த்தே ஆக வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அப்புறம், உறவினரோ நண்பரோ ஒருவர், தவறாமல் புறநோயாளி சிகிச்சைக்கு அழைத்துப் போவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழி தர வேண்டும். அந்த உறுதிமொழி இல்லையென்றாலோ, ஜாமீன் தரக் கூடாது என்று நீதிபதி கருதினாலோதான் சிகிச்சை வசதியுள்ள இடத்தில் காவல்.

மருத்துவமனையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நோய் கொதித்துக்கொண்டிருக்கும் முதல் கட்டத்தில் அதுதான் சரியான இடம். தம்பியும் அந்தக் கட்டத்தை உள்ளேயே கழித்தான். மருந்தும் சாப்பாடும் வேளைக்குக் கிடைத்தன, தூக்கம் திரும்பியது. வெட்டுப்பட்டவரின் வீட்டார் கொதிப்பில் இருந்த நேரத்தில் அவன் ஊரில் இல்லாதது அவனுக்கும் பாதுகாப்பு. அந்த அளவில் மருத்துவமனைக்கே என் ஓட்டு.

அந்தக் கட்டம் தாண்டிய பிறகுதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. என் கணக்கில் முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் ஒன்றுதான்: தேறிய ஆளை மறுபடி நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்போவது யார்?

காவலில் இருப்பவர் தேறினால், மனநல மருத்துவமனையில் இருக்கிறவருக்கு மனநல மறுஆய்வு வாரியமும், சிறையில் இருக்கிறவருக்குச் சிறைத்துறைத் தலைவரும் சான்று தர வேண்டும். அந்தச் சான்று நீதிமன்றம் போக வேண்டும், நீதிமன்றம் தேதி குறிக்க வேண்டும், அன்றைக்கு வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தின் வேலை. எந்த இடத்தில் தாமதமானாலும் வாய்தா தள்ளிப்போகும், தட்டிக் கேட்க ஆள் இருக்காது. இதற்கிடையில் தேறியவரைச் சிறைக்கு மாற்றி, அங்கே மருந்து விட்டுப்போனால் நோய் திரும்பும். மறுபடி தகுதியில்லை என்று அறிக்கை, மறுபடி மருத்துவமனை. இந்தச் சுற்றில் சிக்கிய மகனைப் பார்க்க வரும் ஒரு தாயை அந்த வார்டு வாசலில் எனக்குப் பழக்கம். மகன் மீதிருந்தது திருட்டு வழக்கு.

இந்தக் காவலுக்கு உச்சவரம்பு உண்டா என்றால், 367 முதல் 378 வரையான பிரிவுகளில் கிடையாது. அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதியை, முதல் குற்றமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரை, விடச் சொல்லும் 479-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு அது செல்லாது. காயம் ஏற்பட்ட கொலை முயற்சிக்கு ஆயுள் வரை போகலாம் என்பதால் எங்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

அசாமின் மச்சாங் லாலுங்கை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 1951-ல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-லேயே அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை சொன்னது. விடவில்லை, சிறைக்கு மாற்றினார்கள். வழக்கை யாரும் நடத்தவில்லை. வெளியே வந்தது 2005-ல், 54 வருடம் கழித்து. பிறகு உச்ச நீதிமன்றம் 3 லட்ச ரூபாய் இழப்பீடும் மாதாமாதம் 1,000 ரூபாயும் தரச் சொன்னது. யாரோ திட்டமிட்டு அவரை அடைத்துவைத்ததாகத் தெரியவில்லை. அவருடைய வழக்குக் கட்டைக் கையில் எடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான். அரை நூற்றாண்டு போனதற்கு அதுவே போதுமாக இருந்தது.

வேறு நாடுகள் இந்த ஓட்டையை அடைக்க முயன்றிருக்கின்றன. அமெரிக்காவில் ஜாக்சன் என்ற, காது கேளாத, வாய் பேசாத, அறிவுத்திறன் குறைந்த இளைஞர், மொத்தம் ஒன்பது டாலர் பெறுமானமுள்ள இரண்டு வழிப்பறிகளுக்காகக் காலவரையின்றி அடைக்கப்பட்டார். 1972-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், விசாரணைக்குத் தகுதி பெற வாய்ப்பிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் ஒருவரை அந்தக் காரணத்துக்காக வைத்திருக்க முடியாது என்றது. வாய்ப்பில்லையென்றால் மற்ற நோயாளிகளை எப்படிச் சேர்ப்பார்களோ அதே சட்டப்படி சேர்க்க வேண்டும், அல்லது விட வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்தில் முதல் கட்டச் சிகிச்சைக் காவலுக்கு நான்கு மாதம்தான் வரம்பு. இங்கிலாந்தில் வேறு வழி: ஆள் தகுதியில்லாவிட்டாலும், அந்தச் செயலை அவர்தான் செய்தாரா என்பதை நடுவர் குழு (ஜூரி) விசாரித்துவிடும். செய்யவில்லை என்றால் அதோடு விடுதலை. செய்தார் என்றால் மருத்துவமனை, மேற்பார்வை, முழு விடுவிப்பு என நீதிபதிக்குப் பல வழிகள் உண்டு. நம் சட்டத்திலும் இதன் சாயல் இருக்கிறது: அரசுத் தரப்புச் சாட்சியப் பதிவுகளைப் பார்த்து முகாந்திரமே இல்லையென்றால் வழக்கை ஒத்திவைக்காமல் விடுவிக்க வேண்டும் என்கிறது 367. வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். எங்கள் வழக்கில் கண்ணால் கண்ட சாட்சிகள் இருந்ததால் அது உதவவில்லை.

ஜாமீனில் அந்த வழக்குக் கட்டு நம் கைக்கு வருகிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கம் சாய்கிறேன். ஜாமீன்தாரர்களே ஆளைக் கொண்டுபோய், நீதிமன்றம் நியமித்த அதிகாரி முன் நிறுத்தலாம். இவர் வாதாடத் தகுதியானவர் என்று அவர் தரும் சான்று சாட்சியமாக ஏற்கப்படும் என்கிறது 370. யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் உழைப்பு பெரிது. மாத்திரையை எதிரில் நின்று விழுங்கவைக்க வேண்டும். மாத்திரையைத் துப்புகிறவராக இருந்தால் மாதம் ஒருமுறை போடும் ஊசி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருப்பதால் கீழ்ப்பாக்கம் வரை அலைய வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டு ஒவ்வொன்றையும் நகலெடுத்து, வக்கீல் மூலம் மெமோவோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். உறுதிமொழியை நிறைவேற்றுகிறோம் என்பதற்கு அதுவே சாட்சி, கட்டும் தூங்காது. அம்மாவும் நானும் முறை வைத்துக் காவலிருந்தோம். அக்கம்பக்கத்தார் பேசியதையும் தாங்கினோம். தம்பி இப்போது வக்கீலோடு உட்கார்ந்து தன் வழக்கைப் பேசுகிறான். விசாரணை நடக்கிறது.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. தாக்கப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால், மனைவியோ பெற்றோரோ பயந்துகொண்டே உறுதிமொழியில் கையெழுத்துப் போடக் கூடாது. அங்கே நான் மருத்துவமனையைத்தான் சொல்வேன். குடும்பமே கைவிட்டவர்களுக்கு நண்பர் ஒருவரும் உறுதிமொழி தரலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், அப்படி முன்வந்த யாரையும் நான் பார்த்ததில்லை.

பிறவியிலேயே அறிவுத்திறன் குறைந்தவர்கள் விஷயத்தில் என் அனுபவம் மிகக் குறைவு. மருந்து கொடுத்துத் தேற்றக்கூடிய நிலை அது இல்லை என்பதால், தேறட்டும் என்று விசாரணையை ஒத்திவைப்பதில் பொருளில்லை. அவர்களுக்கு ஜாமீனோடு நிற்காமல், குற்றத்தின் தன்மையையும் குறைபாட்டின் அளவையும் பார்த்து விடுவிக்க இடம் தரும் 369-இன் மூன்றாம் உட்பிரிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். விடுவிக்க மறுத்தால் பராமரிப்பும் பயிற்சியும் தரும் இல்லத்துக்கு அனுப்பவும் அதே உட்பிரிவில் இடமுண்டு.

காவல்தான் வழி என்றாகிவிட்டால், உத்தரவு போடும் அன்றே இரண்டைக் கேளுங்கள்: மருத்துவமனை எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும், அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தத் தேதியில் அறிக்கை வராவிட்டால் மறுநாளே மனுப் போடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.