முதல் காய்கறிக் குடிலுக்கு எந்தக் கூரை? குமரி மழையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டைச் சுற்றியுள்ள நிலமான புரையிடத்திலோ மொட்டை மாடியிலோ முதன்முதலாகக் காய்கறிக் குடில் போட விரும்புகிறவர் மூன்று வகைகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கூரையைப் பாலித்தீன் தாளாலும் பக்கங்களைப் பூச்சிவலையாலும் முழுக்க அடைத்த பசுமைக்குடில் முதல் வகை. கூரையும் பக்கங்களும் நிழல்வலையாலேயே ஆன நிழல்வலைக் குடில் இரண்டாவது. கூரைக்கு மட்டும் பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி, நான்கு பக்கங்களையும் காற்றுக்குத் திறந்து விடுகிற மழைக்காப்புக் குடில் மூன்றாவது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இதனை ‘மழமற’ என்கிறார்கள். பார்ப்பதற்கு முதலாவதுதான் குடில் என்ற பெயருக்குப் பொருத்தமாக இருக்கும். மூன்றாவது கல்யாணப் பந்தலின் மிச்சம் போலத் தோன்றும். ஆயினும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வசிப்பவருக்கு அந்த மூன்றாவதையே நான் சொல்வேன்.

எந்தக் குடிலையும் மதிப்பிடுவதற்கு முன், அது எதைத் தடுப்பதற்காகக் கட்டப்படுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியேறாமல் பிடித்து வைக்கும் அடைத்த குடில், குளிர்நாடுகளின் தேவைக்காகப் பிறந்தது. உதகை, கோத்தகிரி மலைகளில் கார்னேஷன் பூ வளர்ப்பவர்களுக்கு அந்தத் தேவை உண்டு. நம் சமவெளியிலோ இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே அரிது. இங்கே காய்கறியைக் கெடுப்பது மழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும், இடையில் சித்திரை வைகாசியில் இடிமழையும் பெறுகிற மாவட்டம் இது. நாள்கணக்கில் ஈரம் காயாத இலையில் பூஞ்சாண நோய் படர்வதும், பூ உதிர்வதும், தண்ணீர் தேங்கிய பாத்தியில் மிளகாய்ச் செடி ஒரே வாரத்தில் வாடிச் சாய்வதும் நாம் ஆண்டுதோறும் பார்ப்பவை.

அடைத்த பசுமைக்குடிலை நான் கேள்விப்பட்டதை வைத்துக் குறை சொல்லவில்லை. தக்கலைக்கு அருகில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு இருபது அடியில், எட்டடி உயரத்தில், அப்படி ஒன்றைத்தான் முதலில் போட்டோம். அமைத்துக் கொடுத்தவர் கூரை முகட்டில் வெப்பக்காற்று வெளியேறும் திறப்பை விடவில்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. மாசி மாதப் பகல் ஒன்றில், வெளியே 33 டிகிரி காட்டிய வெப்பமானி உள்ளே 42 காட்டியது. தக்காளி இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து, அத்தனை பூவையும் உதிர்த்தது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போதும், இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காதபோதும் தக்காளி மகரந்தத்தின் வீரியம் குறைந்துவிடுகிறது. செடி பச்சைப்பசேலென்று இருக்கும், காய் மட்டும் பிடிக்காது. வணிகமுறையில் பயிரிடுகிறவர்களின் பசுமைக்குடில்கள் பதினைந்து இருபது அடி உயரமும் முகட்டுத் திறப்பும் கொண்டிருப்பதால் சூடான காற்று மேலே ஏறி வெளியேற இடம் இருக்கிறது. வீட்டளவில் அந்த உயரத்தைக் கட்ட முடியாது. குடில் சிறியதாகச் சிறியதாக உள்ளே இருக்கிற காற்றும் குறைவதால் அது விரைவாகச் சூடேறுகிறது. வெள்ளை ஈயைத் தடுப்பதற்காகப் பக்கங்களில் கட்டும், அங்குலத்துக்கு 40 கண் கொண்ட பூச்சிவலை, ஈயோடு சேர்த்துக் காற்றோட்டத்தையும் பெருமளவு தடுத்துவிடுகிறது.

வெப்பத்தை விடவும் புதியவரைக் குழப்புவது மகரந்தச் சேர்க்கை. வெண்டை, மிளகாய், கத்தரி, பயறு ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே சேர்க்கையை முடித்துக்கொள்பவை. தக்காளிக்கும் மிளகாய்க்கும் காற்றின் அசைவு போதும், அடைத்த குடிலில் அதற்காகக் காலையில் செடியைத் தட்டிவிட வேண்டியிருக்கும். பாவை (பாகல்), புடலை, பீர்க்கு, பூசணி, நாட்டு வெள்ளரி ஆகிய கொடிகளிலோ ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயோ வேறு பூச்சியோ நுழையாத இடத்தில் பெண்பூவின் அடியிலிருக்கும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். கையால் சேர்க்கை செய்யலாம் என்பார்கள், செய்யலாம்தான். ஆனால் பாவையும் பூசணியும் விடியற்காலையில் மலர்கின்றன, புடலையும் பீர்க்கும் அந்தியில் மலர்கின்றன. இரண்டு வேளையும் தூரிகையுடன் குடிலுக்குள் நிற்பதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும். சேர்க்கையே இல்லாமல் காய்க்கும் குடில் வெள்ளரி வகைகள் விதைக்கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், அவற்றின் விதை நாட்டு வெள்ளரியை விடப் பல மடங்கு விலை. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈயையும், பாவைக்காயைத் துளைக்கும் பழ ஈயையும் அடைத்த குடில் போல வேறெதுவும் தடுக்காது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே பயிரை அளவாக வளர்த்து விற்பவருக்கு அது பெரிய ஆதாயம். நாலு வகைக் காய் வேண்டும் என்கிற வீட்டுக்கு, பழ ஈயைத் தடுக்கப் போய்த் தேனீயையும் தடுத்த கதைதான்.

நிழல்வலைக் குடிலுக்குச் செலவும் வேலையும் குறைவு. 35, 50, 75 விழுக்காடு எனப் பல அடர்த்திகளில் வலை கிடைக்கிறது. பெரும்பாலோர் நல்ல நிழல் வேண்டுமென்று 75 விழுக்காட்டை வாங்கிவிடுகிறார்கள். காய்க்கும் செடிகளுக்கு அது இருட்டு. பங்குனி சித்திரையில் கீரை, கொத்தமல்லி, புதினா, நாற்று ஆகியவற்றுக்கு 50 விழுக்காட்டு வலை மிகவும் ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. மழைக்காலத்தில்தான் அது கைவிடுகிறது. வலை மழையைத் தடுப்பதில்லை. பெருந்துளியைச் சிறுதுளியாக்கி உள்ளே அனுப்புகிறது. மேகம் மூடிய ஆனி ஆடியில் ஏற்கெனவே குறைந்திருக்கும் வெளிச்சத்தை இன்னும் பாதியாக்குவதால் செடிகள் மெலிந்து நெடுக்கின்றன, நனைந்த இலையும் காய நேரமாகிறது. நம் புரையிடங்களுக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டைச் சுற்றித் தென்னை நிற்கிற இடத்தில் பாதி நிழல் முன்பே இருக்கிறது. அதற்குக் கீழே காசு கொடுத்து இன்னொரு நிழலை வாங்கிக் கட்டுவதில் பொருளில்லை. எந்தக் குடிலாக இருந்தாலும் நாளுக்கு ஆறு மணிநேர வெயில் விழும் இடத்தை முதலில் தேட வேண்டும். தென்னையின் நேரடிக்கீழ் எதையும் கட்டக் கூடாது. ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் போதும், தாள் கிழிந்துவிடும்.

மழைக்காப்புக் குடிலில் இந்தக் குறைகள் பல ஒரேயடியாக நீங்குகின்றன. கூரை மழையைத் தாங்குகிறது. திறந்த பக்கங்கள் வெப்பத்தை வெளியேற்றி, தேனீயை உள்ளே விடுகின்றன. புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாளை வாங்க வேண்டும். சாதாரணத் தார்ப்பாய்க் கடைத் தாள் ஒரு கோடையிலேயே நொறுங்கத் தொடங்கும். நடுவில் பத்து முதல் பன்னிரண்டு அடி, ஓரத்தில் ஆறேழு அடி என்று நல்ல சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காமல் வடியும். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழைக்காகக் கூரையின் இறவாணத்தை இரண்டடி வெளியே நீட்டி, மழை வரும் திசையில் மட்டும் சுருட்டி ஏற்றக்கூடிய ஒரு வலைத்திரையைத் தொங்கவிட்டால் போதும்.

இதற்கும் குறைகள் உண்டு. மழை கழுவாத இலையின் அடியில் இலைப்பேனும் செஞ்சிலந்தியும் பெருகும். ஈரத்தால் வரும் இலைப்புள்ளி நோய்கள் குறையும்போது, ஈரமில்லாமலே பரவும் சாம்பல் நோய் கூடும். வாரத்துக்கு இரண்டு காலைகளில் இலையின் அடிப்புறத்தை நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், தேவைப்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் இந்தக் குடிலோடு சேர்ந்து வருகிற வேலைகள். வெளியே மழை கொட்டும்போது உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா முதல் வாரம் முழுவதும் இதைச் சொல்லியே சிரித்தார். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தால் அந்தக் கவலையும் குறையும்: இருநூறு சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 185 லிட்டர் சேரும்.

மண்ணைப் பொறுத்தவரை மூன்று குடிலுக்கும் ஒரே விதிதான். மேற்குப் பகுதியின் செம்பொறை மண் புளிப்புத்தன்மை உடையது; தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் அதில் நிலைத்திருக்கிறது. அதனால் முதல் ஆண்டில் இந்த மூன்றையும் வளர்ப்புப் பையில் வைப்பதும், குடிலைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி வெளித்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதும் நல்லது. சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைத்தால் அதைத் தவற விடக் கூடாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசும் தோவாளைப் பக்கத்திலும் அகஸ்தீஸ்வரத்தின் வெட்டவெளிகளிலும் என் தீர்ப்பு மாறும். முப்பந்தலில் காற்றாலைகளை நிறுவியதற்குக் காரணமான அதே காற்று, பாலித்தீன் கூரையைப் பாய்மரமாக்கிவிடும். மழையும் அங்கே மேற்கைவிடக் குறைவு. ஆகவே அங்கு நிழல்வலைக் குடிலே முதல் தெரிவாக இருக்கலாம். வலை காற்றின் ஒரு பகுதியையாவது ஊடுருவ விடுகிறது. மற்ற இடங்களிலும் தாளைச் சட்டத்தோடு நிரந்தரமாக ஆணியடிக்காமல், அரைமணி நேரத்தில் கழற்றிச் சுருட்டும்படி கயிற்றாலும் கவ்வியாலும் பிடித்து வைக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் மின்கம்பங்களையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாள் போனால் மறுபடி வாங்கலாம். தாளைப் பிடித்துக்கொண்டு சட்டமும் போனால் பெருஞ்செலவு. குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் இரும்புக் குழாயின் பற்றவைத்த இணைப்புகளில் உப்புக்காற்று துருவேற்றும் என்பதால் அங்கே துத்தநாகப் பூச்சு அவசியம். கமுகு அல்லது மூங்கில் கால்களும் சில ஆண்டுகள் தாங்கும். வெயிலில் சூடாகும் குழாய் தாளைத் தொடும் இடங்களில் பழந்துணி சுற்றினால் தாள் சீக்கிரம் இற்றுப்போகாது.

எந்தச் சட்டத்தை முதலில் கட்டுகிறோம் என்பது செலவுக்கணக்கை விட முக்கியம். மழைக்காப்புக் குடிலின் சரிந்த சட்டத்தின் மேல் பங்குனியில் நிழல்வலை விரிக்கலாம், பின்னொரு நாள் பக்கங்களுக்குப் பூச்சிவலையும் கட்டலாம். தட்டையான கூரையாகப் போட்ட நிழல்வலைச் சட்டத்தின் மேல் பிறகு பாலித்தீனை விரித்தால் முதல் மழையிலேயே நடுவில் தண்ணீர் குளம் கட்டிச் சட்டத்தை வளைத்துவிடும். எங்கள் அடைத்த குடிலையும் இப்படித்தான் மீட்டோம்: பக்கவலைகளை அகற்றி, கால்களுக்கு இரண்டடி இணைப்புக் கொடுத்து உயர்த்திய பிறகு உள்ளே மூச்சுவிட முடிந்தது.

முதல் பருவத்துக்குப் பயறு, வெண்டை, மிளகாய் மூன்றையும் உள்ளே வைத்து, ஓரத்துத் தூண்களில் ஒரு பாவைக் கொடியையும் ஒரு புடலங்கொடியையும் ஏற்றினால் வீட்டுக்குப் போதும். குடைமிளகாயை விட்டுவிடலாம், அதற்கு வேண்டிய குளிர்ந்த இரவு இங்கே இல்லை. தக்காளியை இரவு சற்றே குளிரும் மார்கழி, தை மாதங்களில் பூக்கும்படி ஐப்பசியில் நட வேண்டும். சட்டத்தை மே மாத நடுவுக்குள் முடித்துவிட்டு, அதற்கு முன்பே சித்திரைக் கடைசியில் மிளகாய் விதையைக் குழித்தட்டில் போட்டு வைத்தால், ஜூன் மழை பிடிக்கும்போது நாற்று நடவுக்குத் தயாராக இருக்கும். பயறும் வெண்டையும் நேரடியாக விதைக்க வேண்டியவை என்பதால், கூரை ஏறிய மறுநாளே அவற்றை ஊன்றிவிடலாம்.