புல்தரைக் களை: முளைக்கும் முன் தடுப்பதில் எது தேறும்?

கோவைக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டு முன்வாசலில் மூன்று சென்ட் புல்தரை. பாதி கொரியன் புல், பாதி அருகு. ஆறு வருஷமாக அதில் களை பிடுங்கக் கொடுத்த கூலியைக் கூட்டினால் இன்னொரு தடவை புல்லே பதித்திருக்கலாம். முளைத்ததைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய், முளைக்கவே விடாத வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததில் எது உழைத்தது, எது காசைத் தின்றது என்பதுதான் இங்கே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. மண்ணின் சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது, அதாவது 13 டிகிரி செல்சியஸ் வாக்கில், மருந்து போடு என்பார்கள். பனிக்காலம் முடிந்து மண் சூடேறும்போதுதான் அங்கே களை விழிக்கிறது. நம் சமவெளியில் மார்கழி விடியலில்கூட மண் அவ்வளவு குளிராது. இங்கே விதையை எழுப்புவது சூடு அல்ல, ஈரம். கோவையில் சித்திரை, வைகாசியின் கோடை மழைக்கு ஒரு கூட்டம் முளைக்கும், ஐப்பசி மழைக்கு இன்னொரு பெரும் கூட்டம். சென்னைக்காரர்களுக்கு வருஷ மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால், புரட்டாசிக் கடைசிதான் முக்கியமான தேதி. எந்த வழியானாலும் மழைக்கு முந்திக்கொண்டால்தான் பலன். மழை விழுந்து பத்து நாள் கழித்து உரக்கடைக்கு ஓடுவது வீண்.

சரி, உரக்கடையிலிருந்தே ஆரம்பிப்போம். முளைக்கும் முன் அடிக்கிற மருந்து என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பெண்டிமெத்தலின் 30 சதவீத ஈ.சி., அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் திரவம். இது விதையைக் கொல்வதில்லை. மண்ணின் மேல்பரப்பில் மெல்லிய படலமாக நிற்கும். விதை முளைவிட்டு வேரும் குருத்தும் அந்தப் படலத்தில் படும்போது அவற்றின் செல்கள் பிரிய முடியாமல் போய், நாற்று வெளியே தலைகாட்டும் முன்பே செத்துவிடும். ஏற்கெனவே இரண்டு இலை விட்டுவிட்ட களையை இது ஒன்றும் செய்யாது. இதைப் புரிந்துகொள்ளாமல், களை நிறைந்த தரையில் அடித்துவிட்டு மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

அளவு: வயலுக்கு ஹெக்டேருக்கு சுமார் 3.3 லிட்டர் என்பது வழக்கம். அதைச் சென்ட்டுக்குச் சுருக்கினால் 13 மில்லி, தண்ணீர் 2 லிட்டர். எங்கள் மூன்று சென்ட்டுக்கு 40 மில்லியும் 6 லிட்டர் தண்ணீரும் போதும். கைக்கு வந்தபடி ஊற்றாமல், முதலில் வெறும் தண்ணீரை டேங்கில் நிரப்பி அடித்துப் பார்த்து, ஒரு சென்ட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் மருந்தைக் கலக்க வேண்டும். அடித்த அன்றோ மறுநாளோ அரை அங்குலம் அளவுக்குத் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். வெயிலில் மேலேயே கிடந்தால் பாதி ஆவியாகும், மிச்சம் வெளிச்சத்தில் சிதையும். அதன்பிறகு களைக்கொத்தால் தரையைக் கிண்டக் கூடாது, படலம் கிழிந்துவிடும். இன்னொன்று, இந்த மருந்து பட்ட இடமெல்லாம் மஞ்சள் கறை. எங்கள் வீட்டுச் சிமெண்டு நடைபாதையில் என் செருப்புத் தடம் இரண்டு மாதம் மஞ்சளாகவே இருந்தது.

பலன்? சாரணையும் பருப்புக்கீரையும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தன, சில்லறைப் புற்களும் அப்படியே. மூக்குத்திப் பூண்டு மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. நம் ஊர்ச் சூட்டில், ஈரமும் சேர்ந்துகொண்டால், ஒன்றரை இரண்டு மாதத்துக்கு மேல் இதை நம்ப முடியாது. குளிர் நாட்டில் ஒரு பருவம் தாங்குவது இங்கே அரைப் பருவம்.

குறைகளும் உண்டு. அருகும் கொரியனும் ஓடுகொடி விட்டுப் பரவுபவை. கொடியின் கணுவில் புதிதாக இறங்கும் வேருக்கும் அதே படலம்தான் எதிரி. ஆகவே புதிதாகப் பதித்த தரையிலோ, சொட்டை சொட்டையாக இருக்கும் தரையிலோ அடித்தால் களையோடு புல்லும் நிரம்பாமல் நின்றுவிடும். மீனுக்கு இது விஷம், குளமோ மீன் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும். நான் வாங்கிய புட்டியின் சீட்டில் நெல், பருத்தி, சோயா என்று பயிர்கள்தான் எழுதியிருந்தன, புல்தரை என்ற சொல்லே இல்லை. 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிமருந்து, களைமருந்துப் பட்டியலில் பெண்டிமெத்தலினும் இருந்தது. இறுதியாக வந்த தடையில் அது இல்லை என்றாலும், குழந்தைகள் உருண்டு விளையாடும் தரையில் அடிக்கும் முன் அந்தப் பட்டியல் என் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

கடையில் சில சமயம் அட்ராசின், ஆக்சிஃபுளோர்ஃபென் என்ற வேறு களைமருந்துகளில் ஒன்றைக் கையில் திணிப்பார்கள். இரண்டும் அதே 27-இல் இருந்தவை. அட்ராசின் மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் சரி, பச்சையாக நிற்கும் அருகை வாட்டிவிடும். நிலத்தடி நீரில் இறங்குகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. ஆக்சிஃபுளோர்ஃபென் பட்டால் இலை கருகும். இவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

'இயற்கை முறை' என்று பெயர் வாங்கியது மக்காச்சோளக் குளூட்டன். மாவுச்சத்தைப் பிரித்தபின் மிஞ்சும் புரதத் தூள், இங்கே கோழித் தீவனமாக விற்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிக் கிறிஸ்டியன்ஸ் என்ற பேராசிரியர் 1980-களில் வேறு ஏதோ சோதனைக்காகப் போட்டபோது, அது முளைக்கும் விதையின் வேரைத் தடுப்பதைக் கவனித்து 1991-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அது வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. விதை முளைத்தபின் கொஞ்ச நாள் மண் காய வேண்டும். வேர் குட்டையான நாற்று அப்போதுதான் வாடிச் சாகும். தொடர்ந்து ஈரம் இருந்தால் நாற்று சமாளித்து வேர்விட்டுவிடும். ஐப்பசி அடைமழையில் எங்கே காய்வது? ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த வயல் சோதனைகளில் இது எந்தக் களையையும் கட்டுப்படுத்தவில்லை. அளவும் சதுர மீட்டருக்கு 100 கிராம், மூன்று சென்ட்டுக்கு 12 கிலோ ஆகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தழைச்சத்து. எனக்குப் புல் கரும்பச்சையாக ஆனது, களையும் கூடவே கொழுத்தது. உரமாக வேண்டுமானால் வாங்குங்கள்.

இனிப் புல் பதிக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாலித்தீன். நிலத்தைக் கொத்திச் சமன் செய்து, நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்து விரித்து, ஓரங்களை மண் போட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவது. தாளுக்கு அடியில் ஏறும் சூட்டில் களை விதை செத்துவிடும். இஸ்ரேலில் ஜேக்கவ் கட்டான் குழுவினர் 1970-களில் பயிர் நோய்க்காகச் செய்துபார்த்த முறை இது. கறுப்புத் தாள் கூடாது, வெயில் உள்ளே போக வேண்டும். அக்னி நட்சத்திரத்தை இதைவிட உருப்படியாகப் பயன்படுத்த முடியாது. நிழல் விழும் இடத்தில் செய்தால் மட்டும் ஏமாற்றம்தான். எங்கள் வேப்பமரத்தடியில் தாளுக்கு அடியில் களை சொகுசாகக் கண்ணாடி வீட்டில் வளர்ந்தது.

இன்னொன்று செலவே இல்லாதது. நிலத்தைத் தயார் செய்துவிட்டுப் புல் பதிக்காமல் காத்திருப்பது. தண்ணீர் விட்டால் பத்துப் பதினைந்து நாளில் மேலாக இருக்கும் விதையெல்லாம் முளைத்து நிற்கும். மேலாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆழமாகக் கொத்தினால் கீழே தூங்கும் விதைகளை நீங்களே மேலே அழைத்து வந்தது ஆகும். மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். மூன்றாவது சுற்றில் முளைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். கோடை உழவு கோடி நன்மை என்று உழவர்கள் சொல்வதில் இதுவும் ஒரு நன்மை. பாலித்தீனா இதுவா என்றால், கோடையில் பதிப்பவர்களுக்குப் பாலித்தீன், மற்ற மாதங்களில் இது. நர்சரிக்காரர் மட்டும் ஒன்றரை மாதம் காத்திருக்கச் சம்மதிக்க மாட்டார். அவருக்கு நாளைக்கே பதித்துப் பணம் வாங்க வேண்டும்.

இவ்வளவு முயன்றும் எனக்கு மிக அதிகமாகக் கைகொடுத்தது மருந்தும் அல்ல, தாளும் அல்ல. எரு போடுவதை நிறுத்தியதுதான். தோட்டக்காரர் பேச்சைக் கேட்டு வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு டிராக்டர் செம்மண்ணும் தொழு எருவும் தூவிக்கொண்டிருந்தோம். ஒரு வருஷம் வந்த 'நன்றாக மக்கிய' எருவில் இருபதே நாளில் குப்பைமேனி, தும்பை, பருப்புக்கீரை எல்லாம் வரிசை கட்டின. மாடு தின்ற விதையில் கணிசமானது சாணத்தோடு உயிருடன் வெளியே வரும், குவியல் உள்ளுக்குள் 55, 60 டிகிரிக்குச் சூடேறி மக்கினால்தான் சாகும். நிழலில் ஆறப்போட்ட சாணத்துக்கு அந்தச் சூடு ஏது? பணம் கொடுத்து விதை வாங்கிக் கையால் விதைத்தவர்கள் நாங்கள்தான். இப்போது எரு வந்தால் முதலில் இரண்டு கைப்பிடியைத் தட்டில் பரப்பி இரண்டு வாரம் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறேன். தட்டில் முளைத்தால் அது தென்னைக்குப் போகும். புல்லுக்குச் சலித்த ஆற்று மணலும் கொஞ்சம் மண்புழு உரமும் போதுகிறது.

வெட்டுவதையும் மாற்றினோம். மொட்டையாக வெட்டினால் கம்பளம் போல இருக்கும் என்று ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தது தப்பு. பல களை விதைகள் சின்னவை, முளைக்க அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். புல் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் நெருக்கமாக நின்றால் தரையில் வெளிச்சமே விழாது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால் சொட்டையும் விழாது. தினமும் ஹோஸில் லேசாகத் தூவுவதை விட்டுவிட்டு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஆழ நனைக்கிறோம். மேல் மண் காய்ந்து கிடந்தால் விதைக்குச் சிரமம், வேர் கீழே இறங்கிய புல்லுக்குச் சிரமமில்லை. இது பலன் தர ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், அடர்ந்து நிற்கும் பெரிய தரையானால், ஐப்பசிக்கு முன் ஒருமுறை பெண்டிமெத்தலின் அடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களைப் போல மூன்று சென்ட்டுக்குத் தேவையில்லை.

இத்தனையும் விதையில் முளைப்பவற்றுக்கு. கோரைக்கு இவை எதுவும் பொருந்தாது. அது கிழங்கிலிருந்து வருவது, சங்கிலி கோத்த மாதிரி மண்ணுக்குள் அடுத்தடுத்துக் கிழங்கு வைத்திருக்கும். பெண்டிமெத்தலின் படலத்தைக் குத்திக்கொண்டு வெளியே வரும், பாலித்தீன் தாளையே துளைத்துவிடும். வந்தபின் அடிக்க, கரும்பு வயலுக்கு வாங்கும் ஹாலோசல்ஃப்யூரான் என்ற களைமருந்து இருக்கிறது, அருகும் கொரியனும் அதைத் தாங்கும், ஆனால் ஒரு தடவையில் தீராது. அதனால் தடுப்பது என்றால் வாசலிலேயே தடுக்க வேண்டும். நர்சரியிலிருந்து புல் கம்பளத் துண்டுகள் வந்து இறங்கும்போது பச்சையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடிமண்ணில் கறுப்பாகப் பட்டாணி அளவுக் கிழங்கு ஒன்றாவது தென்படுகிறதா என்று விரலால் கீறிப் பாருங்கள். இருந்தால் அந்த வண்டியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். நான் அனுப்பவில்லை. இன்று காலையும் குனிந்து முப்பது கோரை பிடுங்கிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.