இருபத்தைந்து வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும் எண்பதுகளின் இத்தாலியப் போர்ப் படங்கள்

முதல் படத்தை வாடகை கேசட்டில்தான் பார்த்தேன். அட்டையில் ஹெலிகாப்டர், தீப்பிழம்பு, துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர். இயக்குநர் ஆந்தனி எம். டாசன் என்று போட்டிருந்தது. அமெரிக்கப் படம் என்று நினைத்துத்தான் எடுத்து வந்தேன். அந்த டாசன் ரோம் நகரத்துக்காரர், உண்மைப் பெயர் அந்தோனியோ மர்கெரிட்டி என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இத்தாலியில் மர்கெரிட்டா என்றால் டெய்சிப் பூ. ஆரம்பத்தில் அந்தப் பொருளை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஆந்தனி டெய்சிஸ்' என்று போட்டுக்கொண்டவர், பிறகு டாசன் ஆனார். புரூனோ மத்தேய் 'வின்சென்ட் டான்' ஆனார், ஃபப்ரிட்சியோ டி ஆஞ்சலிஸ் 'லாரி லட்மன்' ஆனார். வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஆங்கிலப் பெயர் தேவைப்பட்டது.

அன்று தொடங்கியது. கேசட், விசிடி, டிவிடி, இப்போது ப்ளூரே என்று இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. நண்பர்களோடு உட்கார்ந்து சிரிப்பதற்காக இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் எது தேய்ந்தது, எது தேயாமல் நிற்கிறது என்பதைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1978-ல் 'தி டீர் ஹன்டர்', 1979-ல் 'அபோகலிப்ஸ் நவ்'. இரண்டும் வியட்நாம் போரைப் பற்றிய அமெரிக்கப் படங்கள், உலகம் முழுக்க ஓடின. ஒரு படம் ஓடினால் அதே சாயலில் பத்துப் படம் எடுப்பது இத்தாலியத் தயாரிப்பாளர்களுக்குப் பழக்கமான தொழில்முறை. வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்களில் செய்ததை இப்போது வியட்நாம் போர்ப் படங்களில் செய்தார்கள். 1985-ல் இரண்டாவது ராம்போ படம் வந்ததும் அடுத்த அலை. இந்த இரண்டு அலைகளுக்கும் உள்ள வித்தியாசம் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது நன்றாகத் தெரியும். முதல் அலையில் போர் ஒரு சாபம். இரண்டாவது அலையில் போர் ஒற்றை ஆளின் சாகசம். என் அலமாரியில் அதிகம் தேய்ந்திருப்பவை முதல் அலைத் தட்டுகள்தான்.

இந்தப் படங்களுக்குச் செலவழித்த பணம் ஏன் இவ்வளவு குறைவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1955-ல் இத்தாலியத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகள் சுமார் 82 கோடி. எண்பதுகளின் கடைசியில் அது பத்துக் கோடிக்கும் கீழே போய்விட்டது. 1976-ல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர்த் தனியார் தொலைக்காட்சிகளை அனுமதித்த பிறகு, வீட்டிலேயே நாள் முழுக்கப் படம் கிடைத்தது. உள்ளூர் வசூலை நம்ப முடியாத நிலையில், தயாரிப்பாளர்கள் மிலான் நகரின் மிஃபெட் போன்ற திரைப்படச் சந்தைகளில் போஸ்டரையும் நடிகர் பெயரையும் காட்டி வெளிநாட்டு உரிமையை முன்கூட்டியே விற்றார்கள். அந்தப் பணத்தில் படம். ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்த லீ வான் கிளீஃப், டொனால்ட் பிளெசன்ஸ் போன்றவர்கள் இவற்றில் அடிக்கடி தலைகாட்டுவது இதனால்தான். அவர்கள் பெயருக்கு விலை இருந்தது.

சரி, படங்களுக்கு வருகிறேன். மர்கெரிட்டியின் 'தி லாஸ்ட் ஹன்டர்' (1980) தான் என் முதல் சிபாரிசு. இருபது தடவையாவது பார்த்திருப்பேன். 'தி டீர் ஹன்டர்' இத்தாலியில் 'இல் கச்சாத்தோரே' என்ற பெயரில் ஓடியது. இந்தப் படத்துக்கு 'லுல்திமோ கச்சாத்தோரே' என்று பெயர் வைத்தார்கள். வேட்டைக்காரன் ஓடியது, ஆகவே கடைசி வேட்டைக்காரன். ஆனால் கதைக்கு அந்தப் படத்தோடு பெரிய உறவில்லை. அமெரிக்க வீரர்களின் மனதை உடைக்கும்படி ஒரு பெண் வானொலியில் பேசிக்கொண்டே இருக்கிறாள். அந்த நிலையத்தை அழிக்க கேப்டன் மோரிஸ் எதிரி எல்லைக்குள் போகிறார். நியூசிலாந்தில் பிறந்த டேவிட் வார்பெக் நடித்திருக்கிறார். அந்தக் குரல் யாருடையது என்பதைச் சொன்னால் படம் கெட்டுவிடும்.

இதில் எனக்கு மறக்காத இடம் தேங்காய். ஜான் ஸ்டைனர் நடித்த மேஜர், குகைமுகாமில் இருந்துகொண்டு தன் சிப்பாயை எதிரி குண்டு மழைக்குள் ஓடிப்போய்த் தேங்காய் எடுத்து வரச் சொல்கிறார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது அது ஒரு விறுவிறுப்பான காட்சி, அவ்வளவுதான். நாற்பது வயதுக்கு மேல் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஒரு தேங்காய்க்காக ஓடுகிறவனின் முகத்தை மர்கெரிட்டி அவசரப்படாமல் காட்டுகிறார். போரில் சாவு எவ்வளவு மலிவு என்று சொல்ல நீண்ட வசனம் எழுதுவார்கள், இவருக்கு ஒரு தேங்காய் போதுமாக இருந்தது. ஃபிராங்கோ மிக்காலிட்சியின் இசையும் தேயவில்லை.

மர்கெரிட்டியின் இன்னொரு பலம் மினியேச்சர். எரியும் கிராமம், வெடிக்கும் பாலம் எல்லாம் மேசையளவு மாதிரிகளில் எடுப்பார். மினியேச்சரைப் படமெடுப்பதன் சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. வழக்கமாக விநாடிக்கு 24 சட்டகம். மாதிரிகளை அதைவிட மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் எடுத்துச் சாதாரண வேகத்தில் ஓட்டினால், சின்னத் துண்டு சிதறுவது கனமான கான்கிரீட் விழுவதுபோல் தெரியும். கேமராவைத் தரையோடு வைக்க வேண்டும். ஏமாற்ற முடியாதவை நெருப்பும் தண்ணீரும். எவ்வளவு சின்ன மாதிரி செய்தாலும் தண்ணீர்த் துளியின் அளவு மாறாது, தீநாக்கும் அப்படித்தான். இது தெரிந்த பிறகு எனக்குப் படங்கள் சலிப்பதற்குப் பதில் இன்னும் சுவையாகிவிட்டன. எந்த ஷாட் நிஜம், எது மாதிரி என்று தீப்பிழம்பின் நுனியைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். 'கோட் நேம்: வைல்ட் கீஸ்' (1984) படத்தில் லூயிஸ் காலின்ஸ் ஓட்டும் கார் சுரங்கப்பாதையின் சுவரில் ஏறி ஓடும். பொம்மைக் கார் என்று தெரிகிறதுதான். ஆனாலும் வெளிச்சத்தையும் கேமராக் கோணத்தையும் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் பார்க்கிறேன். சுவிட்சர்லாந்தின் எர்வின் டீட்ரிஷ் தயாரித்த படம் என்பதால் இதில் பணம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். லீ வான் கிளீஃப், எர்னஸ்ட் போர்க்னைன், கிளாஸ் கின்ஸ்கி மூவரும் இருக்கிறார்கள். ஜெர்மன் ராக் குழு ஈலாய் இசை.

பெரும்பாலான படங்களின் காடு பிலிப்பைன்ஸ் காடு. கொப்போலா 'அபோகலிப்ஸ் நவ்' எடுத்த அதே நாடு. படப்பிடிப்பு பழகிய உள்ளூர்க் குழுக்கள், செலவு குறைவு, ஹெலிகாப்டர் கிடைக்கும். ஆனால் சுலபமான வேலை என்று நினைக்க வேண்டாம். 'தி லாஸ்ட் ஹன்டர்' படத்தை ஒளிப்பதிவு செய்த ரிக்கார்டோ பல்லொத்தினி, 'டைகர் ஜோ' படப்பிடிப்பின்போது 1982-ல் பிலிப்பைன்ஸில் நடந்த விமான விபத்தில் இறந்தார். இதைப் படித்த பிறகு 'டைகர் ஜோ' தட்டை ஆறேழு மாதம் தொடவில்லை. அந்தப் படத்தின் நாயகன் ஒரு விமானி. வானிலிருந்து காடு தெரியும் ஒவ்வொரு ஷாட்டிலும் பல்லொத்தினியின் ஞாபகம் வருகிறது. இந்தப் படங்களைக் குப்பை என்று யாராவது ஒரு வார்த்தையில் ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது அலைக்கு வந்தால் புரூனோ மத்தேயின் 'ஸ்ட்ரைக் கமாண்டோ' (1987). ராம்போவைப் பார்த்து எடுத்தது என்பதை மறைக்கவே இல்லை. ரெப் பிரவுன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே சுடுவார். இதிலும் ஒரு இடம் உண்டு: சாகப்போகிற வியட்நாமியச் சிறுவன் டிஸ்னிலாண்ட் பற்றிக் கேட்கிறான், இவர் அழுதுகொண்டே சொல்கிறார். பலர் இதைக் கேலிக்குத் துண்டு வெட்டிப் பகிர்கிறார்கள். முழுப் படத்தோடு பார்த்துப் பாருங்கள். ரெப் பிரவுன் அந்தக் காட்சியில் எதையும் பாதியாகச் செய்யவில்லை. நடிப்பில் நுட்பம் குறைவு, மனசு குறைவில்லை. மத்தேயின் மற்ற கமாண்டோ படங்கள் ஒரு தடவைக்கு மேல் தாங்கவில்லை. டி ஆஞ்சலிஸின் 'கோப்ரா மிஷன்' (1986) பரவாயில்லை. கைதிகளை மீட்கப் போகும் பழைய வீரர்களின் கதை, வெற்றிக் கொண்டாட்டம் இல்லாமல் கசப்பாக முடிகிறது. ராம்போ காலத்தில் அப்படி முடிக்கத் துணிச்சல் வேண்டும்.

வருடம் போகப் போக எனக்குத் தாங்க முடியாமல் போனது ஒன்று. அந்த டிஸ்னிலாண்ட் சிறுவனைப் போன்ற ஓரிருவரைத் தவிர, வியட்நாமியர்களுக்கு இந்தப் படங்களில் முகமே இல்லை. பிலிப்பைன்ஸ் ஆட்கள் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக வந்து விழுகிறார்கள். பேர் கிடையாது, ஒரு நிமிடம் நின்று பேசும் வசனம் கிடையாது. இருபது வயதில் இது என் கண்ணில் படவேயில்லை. இப்போது கைகாலைப் பரப்பி விழும் ஒவ்வொருவரையும் பார்க்கிறேன். ஆசியாவில் பிறந்து வளர்ந்தவன் இதைக் கவனிக்க இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. 'தி லாஸ்ட் ஹன்டர்' உட்பட எதுவும் இதிலிருந்து தப்பவில்லை.

ஒலி பற்றி. ஆங்கிலத் தடமா, இத்தாலியத் தடமா என்று கேட்பார்கள். இரண்டுமே டப்பிங்தான். இத்தாலியில் அன்று படப்பிடிப்பில் ஒலியைப் பதிவு செய்து அப்படியே பயன்படுத்துவது அபூர்வம், குரல் பின்னால் ரோம் ஸ்டுடியோவில் சேரும். 'வைல்ட் கீஸ்' ஆங்கிலத் தடத்தில் கின்ஸ்கியின் வாயிலிருந்து வருவதுகூட அவர் குரல் இல்லை. ரோமில் வாழ்ந்த ஆங்கிலக் குரல் கலைஞர்கள் சிலரே படத்துக்குப் படம் வருவார்கள். எட்வர்ட் மானிக்ஸ், டெட் ரூசோஃப் போன்றவர்களின் குரல் எனக்கு இப்போது சொந்தக்காரர் குரல் மாதிரி. நடிகர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாயசைத்திருப்பதால் நான் ஆங்கிலத்தில்தான் பார்க்கிறேன்.

வாங்குவோருக்கு: கேசட் காலப் பிரதிகளையும் அவற்றிலிருந்து எடுத்த மலிவு டிவிடிகளையும் தொடாதீர்கள். 'தி லாஸ்ட் ஹன்டர்' அகலத்திரைப் படம். சதுரத் திரைக்காக இரண்டு பக்கமும் வெட்டியதில் பாதிக் காடு காணாமல் போய்விடும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் முழு நீளப் பிரதி என்று நம்பி வாங்கினேன். வந்தது ரத்தக் காட்சிகள் வெட்டிய பிரதி, பணமும் திரும்பவில்லை. வாங்கும் முன் ஓடும் நேரத்தைக் கட்டாயம் கேளுங்கள். நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த ப்ளூரே கிடைத்தால் அதற்குக் காசு கொடுக்கலாம். அப்படி ஒன்றில்தான் பல்லொத்தினி அந்தக் காட்டுப் புகைக்குள் எத்தனை பச்சை வைத்திருந்தார் என்று முதல்முறையாகப் பார்த்தேன். கேசட்டில் அது வெறும் சேற்று நிறம்.

உம்பெர்ட்டோ லென்சி யூகோஸ்லாவியாவில் எடுத்த 'பிரிட்ஜ் டு ஹெல்' (1986) படத்தின் நல்ல பிரதி மட்டும் இன்னும் என் கையில் சிக்கவில்லை. வைத்திருப்பவர்கள் படத்தின் தரம் எப்படி என்று சொல்லுங்கள்.