கைப்பேசியில் தமிழ் எழுத: ஒலிபெயர்ப்பா, தமிழ்99-ஆ?

கைப்பேசியில் நாம் அதிகம் தொடும் செயலி வாட்ஸ்அப்போ யூடியூபோ இல்லை, விசைப்பலகைதான். செய்தி அனுப்பினாலும், எதையாவது தேடினாலும், வங்கிச் செயலியில் பெயரை நிரப்பினாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆனாலும் போன் வாங்கியபோது எது இருந்ததோ அதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவர்களே அதிகம். தமிழில் தினமும் நாலு வரி எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

போட்டியில் இருப்பவை நான்கு. முதலாவது, ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாற்றித் தரும் ஒலிபெயர்ப்பு. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் இருக்கும் இதைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது, தமிழ் எழுத்துகளை அப்படியே கட்டம் கட்டமாகக் காட்டும் விசைப்பலகை. மூன்றாவது குரல்வழி உள்ளீடு. நான்காவது, உயிரையும் மெய்யையும் தனித்தனி விசையாகத் தட்டிச் சேர்த்து எழுதும் தமிழ்99 என்ற விசை அமைப்பு. என் தேர்வு தமிழ்99, அதனால் இந்த அலசலில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும்.

குரலையும் கட்ட விசைப்பலகையையும் முதலில் பார்த்துவிடலாம். குரல் உள்ளீடு வேகமானது, அதில் சந்தேகமே இல்லை. கண் மங்கியவர்களுக்கும், விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கும், வேலைக்கு நடுவே பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் அதுவே சிறந்தது. கூகுளின் குரல் உள்ளீட்டுக்கு 2017-இல் தமிழ் வந்தது. சிக்கல் நம் பேச்சில் இருக்கிறது. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. ‘போயிட்டு வந்துர்றேன்’ என்று இயல்பாகச் சொன்னால் அது தடுமாறும். ‘போய்விட்டு வந்துவிடுகிறேன்’ என்று மேடைத் தமிழில் சொன்னால் சரியாக எழுதும். நிறுத்தற்குறிகளைப் பிறகு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பேருந்திலும் அலுவலகத்திலும் உரக்கப் பேசி எழுதவும் முடியாது.

கட்ட விசைப்பலகைக்குப் பழக்கமே தேவையில்லை. அ, ஆ தெரிந்தால் போதும். ஆனால் விசைகள் அதிகம், புள்ளியை ஒவ்வொரு முறையும் தனியாகத் தட்ட வேண்டும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து தட்டு. ஆங்கில விசைப்பலகையே தெரியாத பெரியவர்களுக்கு இதை வைத்துக் கொடுக்கலாம். அன்றாடம் நிறைய எழுதுபவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

மிச்சம் இருப்பவை ஒலிபெயர்ப்பும் தமிழ்99-உம்.

ஒலிபெயர்ப்பின் பலம் ஊருக்கே தெரிந்ததுதான்: முதல் நிமிடத்திலிருந்தே எழுதலாம். ஜிபோர்ட் அமைப்புகளில் ‘மொழிகள்’ என்பதைத் திறந்து, தமிழைச் சேர்க்கும்போது மேலே வரும் வகைகளில் ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்கு அம்புக்குறி போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதுபவர்களுக்கு ஒரே விசைப்பலகையில் எல்லாம் நடந்துவிடும். கிளிப்போர்டு, எமோஜி தேடல், குரல் பொத்தான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வசதிகளை மட்டும் எண்ணினால் ஜிபோர்ட் முன்னே நிற்கிறது.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வசதிகளின் எண்ணிக்கை இல்லை. ஆரம்ப வேகமும் இல்லை. தவறு நேரும்போது அது எப்படிப்பட்ட தவறாக இருக்கிறது, அது நம் கண்ணில் படுகிறதா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அளவுகோல்.

ஒலிபெயர்ப்பில் நாம் எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒலியை உத்தேசமாகச் சொல்கிறோம், எழுத்தைச் செயலி தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலத்தின் ‘எல்’ என்ற ஒரே எழுத்து ல, ள இரண்டுக்கும் நிற்கிறது. வேகமாக அடிப்பவர்களுக்கு ழ-வும் அதில் சேர்ந்துகொள்கிறது. ‘என்’ ஒன்றே ந, ன, ண மூன்றுக்கும். ‘ஆர்’ ர, ற இரண்டுக்கும். உயிரில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து எ-வா ஏ-யா, ‘ஓ’ என்பது ஒ-வா ஓ-வா என்பதும் செயலியின் ஊகம்தான். அதனால் காலை கேட்டால் காளை வரலாம். பள்ளி பல்லியாகலாம், வழி வலியாகலாம், கறை கரையாகலாம், கொடு கோடாகலாம். திருமண வாழ்த்தில் மணமக்கள் ‘மனமக்கள்’ ஆவது இப்படித்தான்.

இந்த மாற்றுச் சொற்களில் பெரும்பாலானவை அகராதியில் உள்ள நல்ல தமிழ்ச் சொற்கள். பிழைதிருத்தி அவற்றில் சிவப்புக் கோடு போடாது. எழுதியவரின் கண்ணும் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் மனத்தில் ஓடும் ஒலிக்கு அது ஒத்துப்போகிறது. ‘நாளை பல்லி திறக்கும்’ என்று பெற்றோர் குழுவில் போய்விழுந்த பிறகுதான் தெரியும்.

தமிழ்99-இலும் தவறு நேரும். ஆனால் அது விரல் தவறு. ன-வுக்குப் பதில் பக்கத்து விசையான ட-வைத் தட்டினால் ‘மனம்’ என்பது ‘மடம்’ ஆகி வாக்கியத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது சொல்லே இல்லாத ஏதோ ஒன்று வரும். இரண்டுமே உடனே கண்ணை உறுத்தும். ள போடுவதா ழ போடுவதா என்று தெரியாவிட்டால் தமிழ்99 நமக்காக ஊகிக்காது, நாம்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த ஒரு நொடித் தயக்கம் எழுத்துப் பிழைக்கு நல்ல மருந்து. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தே பழகினால் ழ, ள, ல வேறுபாடு கையிலிருந்து நழுவுவதில் வியப்பில்லை.

இதோடு சேர்ந்தது இன்னொரு சிக்கல். தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே நீளும். ‘போகவேண்டியிருந்தாலும்’, ‘வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்றவற்றை எந்தப் பரிந்துரைப் பட்டியலும் முழுதாக வைத்திருக்க முடியாது. ஒலிபெயர்ப்பில் சொல் நீள நீள ஊகம் நொண்டும். துண்டு துண்டாக எழுதி இடைவெளியை அழித்து ஒட்டவைக்க வேண்டியதாகிறது. வல்லினம் மிகும் இடங்களிலும் இதே கதை: ‘அதைப் பற்றி’, ‘வீட்டுக்குச் சென்றான்’ என்று எழுத நினைத்தால், ஒற்று இல்லாத வடிவமே பட்டியலில் முதலில் நிற்கும். அவசரத்தில் அதையே தட்டிவிடுகிறோம். இணையத்தில் ஒற்றுப் பிழை இவ்வளவு மலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். தமிழ்99-இல் ஒற்று என்பது இரண்டு தட்டு: ப, புள்ளி.

இனி தமிழ்99 எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிர் 12, மெய் 18, புள்ளியும் ஆய்தமும் பகிர்ந்துகொள்ளும் ஒரு விசை என மொத்தம் 31 விசைகள். உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். நடு வரிசை அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய என்று போகும். அதிகம் வரும் எழுத்துகள் விரலுக்கு அடியிலேயே இருக்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். உயிர்மெய்க்குத் தனி விசை கிடையாது: ம, இ என்று தட்டினால் மி.

இதன் உயிர்நாடி தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. அதனால் ‘அம்மா’ என்பது அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ‘பந்து’ நான்கு. ‘சென்னை’ ஐந்து. ‘இந்தியா’ ஆறு. ‘மாற்றம்’ என்பதும் ஆறுதான். ஒலிபெயர்ப்பில் அதே ‘மாற்றம்’ ஏழு எட்டு எழுத்து கேட்கும், அதன்பின் பட்டியலில் சரியானதைத் தேடித் தட்ட வேண்டும். இந்தத் தேடும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கண் விசையிலிருந்து பட்டியலுக்கு ஏறி இறங்குவதுதான் ஒலிபெயர்ப்பில் களைப்பைத் தருகிறது.

புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். ‘மனனம்’ என்று எழுத ம, ன, ன, ம, புள்ளி எனத் தட்டினால் ‘மன்னம்’ வந்து நிற்கும். முதல் ன-வுக்குப் பிறகு ஒருமுறை அ-வைத் தட்டினால் புள்ளி விழாது. ‘விதத்தில்’ என்பதும் அப்படித்தான்: வ, இ, த, அ, த, த, இ, ல, புள்ளி. இந்த அ தந்திரம் தெரியாமல் ‘இது சரிவராது’ என்று கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் ஷிஃப்டுக்குப் பின்னால் இருக்கும்.

ஔ-வுக்குத் தனி விசை இருப்பதும் சின்ன விஷயமில்லை. ‘கௌரவம்’ என்பதைக் கெ-வும் ள-வும் சேர்த்துக் ‘கெளரவம்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும், கணினி எழுத்துகளை அடையாளம் காணும் ஒருங்குறியில் (யூனிகோடு) இரண்டும் வெவ்வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். தொடர்புப் பட்டியலில் ‘கௌரி’ காணாமல் போவதற்கு இது போதும்.

தமிழ்99-இன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தர அமைப்பில் மேல் வரிசையில் 12 எழுத்துகள். ஆங்கில விசைப்பலகையில் பத்துதான். சிறிய திரையில் விசை ஒடுங்குவதால் ள, ற, ன, ட, ண வரிசையில் கட்டைவிரல் தவறும். விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள், நீளமாக எழுதும்போது போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். ஆங்கிலச் சொல் அடிக்கடி கலப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மொழி மாற்ற வேண்டும். அது உண்மையான தொல்லை. பழகும் காலத்தில் வேகம் பாதியாகக் குறையும், சில வாரங்களுக்கு எரிச்சல் இருக்கும்.

பழகுவதற்கு நடு வரிசை மட்டும் போதுமான சொற்களில் தொடங்குங்கள்: அப்பம், பந்தம், தந்தம், கம்பு, மயக்கம். பிறகு மேல் வரிசையின் ட, ன, ற, ச. கடைசியில் கீழ் வரிசையின் வ, ல, ர, ழ. முதல் வாரம் அவசரச் செய்திகளுக்குப் பழைய விசைப்பலகையையே வைத்துக்கொண்டு, பட்டியல் எழுதுவது, குறிப்பு எடுப்பது போன்ற நிதானமான வேலைகளுக்கு மட்டும் தமிழ்99-ஐ எடுங்கள். இல்லாவிட்டால் யாரோ பதிலுக்குக் காத்திருக்கும் பதற்றத்தில் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள்.

ஆண்ட்ராய்டில் இதற்குச் செல்லினம் செயலி இருக்கிறது. 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய மலேசியாவின் முத்து நெடுமாறனின் ஆக்கம். தமிழ்99, அஞ்சல் என்ற இன்னொரு விசை முறை இரண்டும் அதில் உண்டு. நிறுவியபின் போன் அமைப்புகளில் மொழி, உள்ளீடு என்ற பகுதிக்குப் போய் அதை இயக்க வேண்டும். ‘நீங்கள் எழுதும் அனைத்தையும் இது சேகரிக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை அப்போது வரும். வெளியிலிருந்து சேர்க்கும் எந்த விசைப்பலகைக்கும் ஆண்ட்ராய்டு காட்டும் பொது எச்சரிக்கை அது. பெயர் தெரியாத செயலியாக இருந்தால் மட்டும் அதை உண்மையிலேயே கவனத்தில் கொள்ள வேண்டும். ஐபோனில் எதையும் நிறுவ வேண்டாம்: அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று போய்ப் புதியதைச் சேர்த்தால் தமிழ் என்பதன் கீழே தமிழ்99-உம் அஞ்சலும் இருக்கும். என் பழக்கம் முழுவதும் ஆண்ட்ராய்டில் என்பதால், ஐபோனில் கட்டைவிரலுக்கு அது எவ்வளவு இசைவாக இருக்கிறது என்பதில் அன்றாடம் பயன்படுத்துபவர் சொல்லுக்கே மதிப்பு அதிகம்.

அஞ்சல் பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் ஆங்கில எழுத்துகளை வைத்துத்தான், ஆனால் ஊகம் கிடையாது. சிறிய எழுத்துக்கு ல, பெரிய எழுத்துக்கு ள என்று விதி வைத்து எழுதுவது. ன-வுக்கும் ண-வுக்கும், ர-வுக்கும் ற-வுக்கும் அதே முறை. புதிய அமைப்பைப் படிக்க மனமில்லை, பிழையும் வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல நடுவழி. ஷிஃப்டை அடிக்கடி தட்ட வேண்டியிருப்பது மட்டும் கைப்பேசியில் வேகத்தைக் குறைக்கும்.

தமிழ்99-க்குக் கூடுதல் ஆதாயம், பழகிய கை கணினிக்கும் உதவும் என்பது. மேக்கிலும் லினக்ஸிலும் விண்டோஸிலும் அதே அமைப்பு கிடைக்கிறது. பத்து விரலால் அடிக்கும்போதுதான் உயிர் இடக்கை, மெய் வலக்கை என்ற பங்கீட்டின் அருமை புரியும். வேலைக்காகத் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஒலிபெயர்ப்பிலேயே தொடரப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யலாம். தவறான சொல்லைச் சிலமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் ஜிபோர்ட் அதையே கற்றுக்கொண்டு முன்னே நீட்டும். பரிந்துரையில் அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிக் குறிக்கு இழுத்துவிட்டால் நீங்கும். நிறையச் சேர்ந்துவிட்டால் ஜிபோர்ட் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் கற்ற சொற்களை மொத்தமாக அழிக்கலாம். ஆனால் சரியாகக் கற்ற ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் சேர்ந்தே போய்விடும். முக்கியமானவற்றை அழிப்பதற்கு முன்பே தனிப்பட்ட அகராதியில் சேர்த்துவையுங்கள்.