இரண்டரை மணி அலுப்புக்கு எது சரி: போனா, ரேடியோவா, ரீவியா, சவோயா?

மத்தியானம் பார்சல் சோறு இறங்கி, ஏசிக் குளிரும் சேர்ந்துகொண்டால் இரண்டரை மணிக்கு எங்கள் கணக்குப் பகுதியில் ஒரு நிலை வரும். நித்திரை என்றும் சொல்லேலாது, களைப்பு என்றும் சொல்லேலாது. கண் திறந்திருக்கும், கை பச்சைப் பேனையால் வவுச்சருக்குச் சரி போட்டுக்கொண்டே போகும், ஆள் மட்டும் எங்கேயோ போயிருப்பார். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் இருபது வருசமாக எனக்கு இந்த வேலை. வங்கிக் கூற்றை ஒருபக்கம் வைத்து, காசுப்புத்தகத்தை மறுபக்கம் வைத்து, வரி வரியாகப் பொருத்துவது. இதற்கு மருந்து எது என்பதில்தான் போன கிழமை தேத்தண்ணி மேசையில் பெரிய வாக்குவாதம்.

பயிற்சிக்கு வந்திருக்கிற தங்கச்சி போன்தான் என்றாள். கந்தோர் வாகனம் ஓட்டுகிற சாரதி அய்யே (அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன்) ரேடியோ என்றார். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிற என் கூட்டாளி, "நாலு சுவருக்குள்ள இருந்துகொண்டு மருந்து தேடுறியளே, அரைநாள் லீவைப் போட்டுட்டு சவோய் தியேட்டருக்குப் படம் பார்க்க வாங்கோ" என்றான். அம்மாவைக் கேட்டால் ரீவி என்பார், கேட்கவே தேவையில்லை. நாலையும் வருசக்கணக்காகப் பாவித்துப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

போனில் இருந்து தொடங்குவோம், அதற்குத்தான் ஆதரவாளர் கூட. ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையில் நூறு பாட்டு அடைத்த சீடி வாங்கி, கந்தோர் கொம்பியூட்டரில் ஒளித்துப் போட்டுக் கேட்டோம். 2021 இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கும் வந்தது. இப்போது உலகத்தில் உள்ள பாட்டெல்லாம் சட்டைப் பையில். தங்கச்சி ஒரு காதில் மட்டும் இயர்பட் போட்டு, முடியை அந்தப் பக்கம் இழுத்து விட்டிருப்பாள். மேலாளர் வருகிற பக்கம் மற்றக் காது. நல்ல திட்டம்தான்.

எனக்குச் சரிவராதது வேறு காரணத்தால். கேட்பதற்கு உட்கார்ந்தால் முதல் பத்து நிமிசம் தெரிவு செய்வதிலேயே போகிறது. எண்பதுகளின் இளையராஜாவைப் போடுவேன், பல்லவி முடியமுதல் தள்ளுவேன். ரஹ்மான், அதையும் தள்ளுவேன். "உனக்காக" என்று அந்தச் செயலியே கோர்த்துத் தருகிற பட்டியலில் நான் போன மாதம் கேட்டதுதான் திரும்ப வரும். மூன்றாம் கிழமை ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததன் முதல் வயலின் காதில் கேட்கத் தொடங்கிவிடும். அலுத்துப் போனவன் தன் கையாலேயே மருந்து கலக்கினால் மருந்திலும் அவனுடைய வாசம்தான் அடிக்கும்.

அதோடு வேலைக்கும் பாட்டுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஒரு நாள் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டு ஓடுகிறது, வாய் அசைகிறது, கை அடிக்கிறது. பின்னேரம் கணக்கு 2,700 ரூபாய் இடிக்கிறது. நான் சேர்ந்த புதிதில் இருந்த தலைமை எழுதுவினைஞர் ஐயா ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தார்: "தம்பி, இடிக்கிற தொகையை ஒன்பதால பிரிச்சுப் பார். மிச்சமில்லாமல் பிரிஞ்சால் இலக்கம் ரெண்டு இடம் மாறியிருக்கக்கூடும்." பிரித்தேன், 300. அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் மூன்று. 41 ஐ 14 ஆக்கியிருக்கலாம், 63 ஐ 36 ஆக்கியிருக்கலாம். தேடிக்கொண்டு போனால் 5,200 ரூபாய்க் காசோலையை 2,500 என்று அடித்து வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் என்றும் தெரியும்: சரணம் தொடங்கும் இடம், நான் எப்போதும் கண்ணை மூடுகிற இடம்.

அன்றிலிருந்து என் சட்டம் இது. இலக்கம் பொருத்தும்போது பாட்டு இருக்கலாம், ஆனால் கூடவே பாட வருகிற பாட்டு கூடாது. கடிதம் எழுதும்போது எனக்கு விளங்குகிற மொழியில் பாட்டே கூடாது. தமிழும் சிங்களமும் விலக்கு. பழைய ஹிந்திப் பாட்டு உத்தமம். ஒரு சொல்லும் விளங்காது, மெட்டு மட்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு கூட வரும்.

அந்த ஹிந்திப் பாட்டுகள் என் காதுக்குள் வந்தது அப்பாவின் ரேடியோவால். அதில் ஓடியது இலங்கை வானொலி, கொழும்பில் 1925 டிசம்பர் 16 இல் தொடங்கிய ஒலிபரப்பு. இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காக ஆங்கிலேயர் நடத்திய சீயாக் வானொலியின் பலமான ஒலிபரப்பி போருக்குப் பிறகு இலங்கையின் கைக்கு வந்தது. 1952 இல் அகில இந்திய வானொலியில் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்த, அங்கத்தைச் சனம் முள்ளைத் திருகி இலங்கைக்கு வந்தது. 1957 இல் அதே இந்திய வானொலி பாட்டுக்காக விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் பலர் திரும்பிப் போகவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்ற எங்கள் அறிவிப்பாளர்களின் பெயர்களைத் தமிழ்நாட்டில் வயதான ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அவருடைய முகம் மாறும். அப்பாவுக்கு "பொங்கும் பூம்புனல்" என்ற காலைப் பாட்டு நிகழ்ச்சி முடிந்தால்தான் விடிந்தது.

இதெல்லாம் பழம்பெருமை. இன்றைய எஃப்எம் எனக்கு அலுப்பு மருந்தாக எப்படி? சொல்கிறேன். எங்கள் தேத்தண்ணி அறையில் சாரதி அய்யேயின் சின்ன ட்ரான்சிஸ்டர் இருக்கிறது, ஏரியலுக்குப் பதில் ஒரு கம்பித்துண்டு. அவர் தனிய இருந்தால் சிங்களம், நாங்கள் போனால் "மல்லி (தம்பி), உங்கட போடட்டா?" என்று முள்ளைத் தள்ளுவார். தள்ளுகிற அந்த இரண்டு செக்கனில் கிரிக்கெட் ஸ்கோர், பௌத்த பிரித் ஓதல், ஒரு பைலா ஆட்டப்பாட்டு, தங்க நகை விளம்பரம் எல்லாம் தலைகாட்டிப் போகும். அதுவே அரைவாசி மருந்து.

குறையும் நிறைய. 1998 இல் சூரியன் எஃப்எம்மும் சக்தி எஃப்எம்மும் வந்த பிறகு பாட்டு கூடியது, அறிவிப்பாளரின் சிரிப்பும் கூடியது. இரண்டு பேர் சேர்ந்து தாங்களே பகிடி விட்டுத் தாங்களே சிரிக்கிறார்கள். பாட்டின் முன்னிசைக்கு மேல் கதைத்து, குரல் வரும்போதுதான் விடுகிறார்கள். கே.எஸ். ராஜாவும் வேகமாகத்தான் கதைத்தார், ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும் என்று அப்பா சொல்லுவார்.

இவ்வளவு திட்டியும் இரண்டரை மணிக்கு நான் ரேடியோ பக்கம்தான். அடுத்து என்ன வரும் என்று தெரியாது. பத்து வருசமாகக் காதில் விழாத, நானாகத் தேடிப் போட நினைத்தே பார்த்திராத ஒரு பாட்டு திடீரென்று வரும். எழுபதுகளின் பொப் பாட்டு வரும். நித்தி கனகரத்தினமோ ஏ.ஈ. மனோகரனோ தொடங்கினால் சாரதி அய்யே மேசையில் தாளம் போடுவார், அவருக்கும் வரிகள் தெரியும். ஒருநாள் துள்ளிசைப் பாட்டு முடிந்த கையோடு மரண அறிவித்தல் வந்தது. தாளம் போட்ட கை அப்படியே நின்றது. ஊர் பெயர், பிள்ளைகள் இருக்கிற நாடுகள், கிரியை நடக்கும் நேரம். சொல்லப்பட்ட ஊர் எங்கள் அம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊர். முடிந்ததும் மறுபடி பாட்டு. எந்தப் பட்டியலும் இப்படிக் கோர்த்துத் தராது. தன்பாட்டில் ஓடுகிற ஒன்றுக்குள் தலையைக் கொண்டுபோய் நீட்டுவதில்தான் எனக்குத் தெளிவு வருகிறது.

பஸ்ஸை மறந்துவிட்டேன். பாணந்துறை–புறக்கோட்டை நூறாம் நம்பர் தனியார் பஸ்ஸில் ஏறினால் தெரிவும் உங்களுடையதில்லை, சத்தமும் உங்களுடையதில்லை. பழைய சிங்களப் பாட்டு ஒன்று ஓடும், கேட்டுக்கொண்டே வந்தால் மெட்டு எங்கள் பழைய படப்பாட்டு. கண்டக்டரிடம் சொன்னேன் ஒருமுறை. மிச்சக்காசைத் தந்துவிட்டு, எது முதல் வந்தது என்று கேட்டார். பதில் தெரியாமல் பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டேன்.

ரீவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அது இரண்டரை மணிக்கு உதவாது. கண்ணைக் கேட்கும். கந்தோரில் ரீவி போடுவது இலங்கை அணி விளையாடும்போது மட்டும், அதுவும் மேலாளருக்கே பார்க்க ஆசை வந்தால். வீட்டில் கதை வேறு. 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கிய காலத்தில் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், அதற்காகக் காத்திருந்தது ஞாபகம் என்பார் அம்மா. பிறகு 1998 இல் சக்தி ரீவி, 2009 இல் வசந்தம் ரீவி, அதற்கு மேல் டிஷ்ஷில் இந்தியத் தொடர்கள். இப்போது ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் சோபா அம்மாவினது.

ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். தொடரில் மருமகள் மாடிப்படியில் கால் வைத்தாள். எழும்பிப் போய்க் கேத்தில் வைத்து, தேத்தண்ணி ஊற்றி, சீனி தேடி, கலக்கிக் கொண்டு வந்தேன். விளம்பரம் முடிந்து, எட்டுப் பேரின் முகத்தையும் ஒவ்வொரு இடி முழக்கத்தோடு காட்டி முடித்திருந்தார்கள். மருமகள் மூன்றாம் படியில் நிற்கிறாள். கந்தோரில் நான் பார்த்த அதே வேலைதான்: வரி வரியாகப் பொருத்துவது. அலுப்புக்கு அலுப்பையே மருந்தாகக் குடிப்பது போல. ஆனால் விளம்பர இடைவேளையில்தான் அம்மா என்னோடு கதைக்கிறார். "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ?" என்பது முதல் இடைவேளை. வாடகை, மாத்திரை, மச்சாளின் போன் எல்லாம் இரண்டாவதில். அந்த வகையில் தொடரை நான் நிறுத்தச் சொல்லமாட்டேன்.

ரீவி தோற்றுப் போனதை 2022 மார்ச் கடைசியில் கண்ணால் கண்டோம். ஒரு நாளைக்கு பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. முதலில் ரீவி, பிறகு இன்டர்நெட் ரவுட்டர், கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல், கடைசியில் போனே. அலுமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்த அப்பாவின் ரேடியோவை இறக்கி பற்றரி போட்டேன். அம்மா பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தொடரில் மருமகளுக்கு என்ன ஆச்சோ என்று கவலைப்பட்டபடி பழைய பாட்டுக் கேட்டார்.

சரி, படம். கூட்டாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி எங்களுக்கு வருசத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கசுவல் லீவு. கசுவலை அரைநாள் அரைநாளாக உடைத்தால் பதினான்கு மத்தியானங்கள். அதைவிடப் பெரிய சொத்து என்னிடம் இல்லை.

மால்களில் இருக்கிற புது அரங்குகளுக்கும் போயிருக்கிறேன். காலிமுகத்திடல் பக்கம் இருக்கிறதில் கதிரை நல்ல சொகுசு, ரிக்கெட் ஆயிரத்தைத் தாண்டும், பொப்கோர்ன் அதோடு போட்டி போடும். சனம் பண்போடு இருந்து பார்க்கும், அதுதான் பிரச்சினை. அந்தக் குளிரிலும் கதிரையிலும் எனக்கு இரண்டரை மணி திரும்ப வந்துவிடுகிறது. சவோயில் அது வராது. பெரிய நடிகரின் படம் வந்த முதல் நாள் பின்னுக்கு இருந்து விசில், முன்னுக்கு இருந்து கடதாசித் துண்டு. பக்கத்தில் சிங்களப் பொடியன்கள், திரையின் அடியில் ஓடுகிற ஆங்கில வரியைப் படித்துக்கொண்டு. ஒரு பகிடிக்கு நாங்கள் முதல் சிரிப்போம், வரியைப் படித்து முடித்து அவர்கள் ஒரு செக்கன் பிந்திச் சிரிப்பார்கள். இரண்டு அலையாகச் சிரிப்பு வருகிற அந்த அரங்கில், படம் குப்பையாக இருந்தாலும், காசு போனதாக எனக்குப் படுவதில்லை.

சிங்கள சினிமாவின் முதல் பேசும்படம், 1947 இல் வந்தது, மதுரையில் எடுக்கப்பட்டது. அதைச் சாரதி அய்யேயிடம் சொன்னேன். "அப்ப மல்லி, நாங்க உங்க வீட்டிலதான் பிறந்தம்" என்று சிரித்தார், பிறகு ரேடியோவைச் சிங்களத்துக்குத் தள்ளிவிட்டார்.

படத்தின் குறை எல்லாருக்கும் தெரிந்தது: அடுத்த நாள் மேசை. போகும்போது நாற்பது வவுச்சர் கிடந்தால் வரும்போது தொண்ணூறு கிடக்கும். கிழமைக்கு ஐந்து முறை வருகிற நோய்க்கு வருசத்துக்குப் பதினான்கு குளிசை காணாது. ஆனபடியால் அன்றாடத்துக்கு ரேடியோ, கடிதம் எழுதும்போது மட்டும் போனில் விளங்காத ஹிந்தி, அம்மாவுக்காக ரீவி, முற்றி விட்டால் சவோய். தங்கச்சி இதை ஏற்கவில்லை. "அண்ணா, உங்களுக்குப் பாட்டுத் தெரிவு செய்யத் தெரியாது, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாள்.

டிசம்பர்வரை எனக்கு இன்னும் மூன்று அரைநாள் மிச்சம். வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் கூட்டாளி இரண்டு ரிக்கெட் எடுத்துவிட்டான். மேலாளரிடம் என்ன காரணம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. போன முறை பல்லுவலி, அதற்கு முதல் முறையும் பல்லுவலி. அவர் சாதுவாகத்தான் கேட்டார், மொத்தம் எத்தனை பல்லு மிச்சம் என்று.