கட்டுநாயக்கவா, காங்கேசன்துறையா?

கோத்தகிரி மாமாவைப் பார்க்க 2025இல் இரண்டு தடவை போய் வந்தோம். சித்திரையில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானம். ஆவணியில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்து ஆட்கள் எது நல்லது என்று கேட்டால், கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் கப்பல் என்றுதான் சொல்வேன்.

நேரம் என்று பார்த்தால் விமானம்தான், அதில் பேச்சே இல்லை. இரவு கினிகத்தேன, கித்துல்கல வழியாக வேனில் இறங்கினால் விடியலில் விமான நிலையம். ஏறி ஒரு மணி நேரத்தில் திருச்சி. கப்பலுக்கோ கண்டி வந்து ஏ9 வீதியில் இரவு முழுக்க பஸ், கடலில் நாலு மணி நேரம், அப்புறம் நாகையிலிருந்து திருச்சிக்கு மறுபடி பஸ். இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சரி, டிக்கட்டை விரித்துப் பாருங்கள். நாங்கள் போனபோது கட்டுநாயக்கவில் தலைக்கு 60 டாலர் விமான நிலைய வரி. யாரும் கையில் கேட்டு வாங்குவதில்லை, டிக்கட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். லண்டன் போகிறவருக்கும் 60, திருச்சிக்குப் போகிற எனக்கும் 60. ஆஃபர் போட்டாலும் கட்டணம்தான் குறையும், இது அசையாது. டாலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 18,000. அப்போது தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350. அம்மா கொழுந்து பறித்து 13 நாள் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தாலும் 450 ரூபாய் குறையும். நாங்கள் போனது நாலு பேர்.

கப்பலில் இந்தச் சுமை இல்லை. நாகப்பட்டினம் துறைமுகச் செலவுக்கு இந்திய அரசு பணம் கொடுத்துத் தாங்கியதும் டிக்கட் விலை கட்டுக்குள் நிற்க ஒரு காரணம்.

விமான நிலையக் கட்டணம் கூடுகிறது என்று விமானக் கம்பனிக்காரர்களும்தான் கத்துகிறார்கள். ஐரோப்பாவில் மலிவு விமானக் கம்பனியான ரயன்எயாரின் தலைவர் மைக்கேல் ஓ'லியரி அதைச் சொல்லியே சில இடங்களில் சேவையைக் குறைப்பவர். அவருடைய கம்பனிப் பங்கு 28 நாள் 21 யூரோவுக்கு மேல் நின்றதால், 2025இல் அவருக்கு உறுதியான பங்கு போனஸின் பெறுமதி 100 மில்லியன் யூரோவைத் தாண்டியது. அதை எடுக்க 2028 வரை வேலையில் இருக்க வேண்டுமாம், பாவம். தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டால் "கம்பனிக்கு நட்டம்" என்ற பதிலைக் கேட்டே பழகிய காது எங்களுடையது.

கப்பலில் நான் போனது ஒரே தடவை, அதுவும் அமைதியான கடலில். அப்படியும் அம்மா ஒருமுறை வாந்தி எடுத்தார். பலாலியிலிருந்தும் திருச்சிக்குச் சின்ன விமானம் உண்டு. அதில் ஏறிப் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கப்பல்தான் பிடித்திருந்தது. மாமா குடும்பம் அந்தக் காலத்தில் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறிப் போன கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது மாமா பேத்திக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். வாடைக் காற்றில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கட்டுநாயக்கவுக்கே டிக்கட் போட்டாயிற்று, நாலு பேருக்கும்.