சின்னம்மாவின் கிளினிக் கொப்பி

இந்த ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து வட இலங்கையின் வன்னிக்குச் சென்று, ஐந்து கிழமைகள் சின்னம்மாவின் வீட்டில் தங்கியிருந்தேன். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. மாதந்தோறும் அவர் செல்லும் அரச மருத்துவமனைக் கிளினிக்குக்கு நானும் இரண்டு முறை உடன் சென்றேன்.

வெறும் வயிற்றோடு விடியற்காலையில் புறப்பட்டு, ஏ9 வீதிக்கு வந்து பஸ் பிடித்து, ஆறரை மணிக்கு இலக்கத் துண்டு எடுத்தோம். இரத்தம் கொடுத்துவிட்டு, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தை வாங்கிலில் இருந்து சாப்பிட்டோம். மருத்துவரைக் காணப் பத்தரை ஆயிற்று. பரிசோதனைக்கும் ஒரு மாதக் குளிசைகளுக்கும் ஒரு சதமும் வாங்குவதில்லை. அத்தனை சனத்தையும் முகம் சுளிக்காமல் பார்த்தனுப்பும் ஊழியர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஆனால் காத்திருந்தபோது கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து மனம் கலங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் சீனி அளவும் பிறசரும் இருந்தன. கொலஸ்ரோல் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை பார்க்கப்பட்டிருந்தது. இடுப்புச் சுற்றளவு எங்குமே இல்லை. அதைவிட, கொலஸ்ரோல் குளிசையைச் சின்னம்மா தாமாகவே நிறுத்தியிருந்தார். "சீனிதான் இறங்கிவிட்டதே தம்பி, பிறகு அது எதற்கு?" என்றார்.

அன்று பணியிலிருந்த இளம் மருத்துவர் இக்கேள்விக்குப் பொறுமையாக விளக்கம் தந்தார். வயிற்றுக்குள் கொழுப்புப் பெருகும்போது நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே திரண்டு, காயமோ கிருமியோ இல்லாமலே ஓர் அழற்சியை மூட்டிவிடுகின்றன. அவை சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற பொருட்கள், தசைக்கும் ஈரலுக்கும் இன்சுலின் சொல்லும் செய்தியைத் தடுக்கின்றன. அதே அழற்சி இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பையும் இளக்கி வெடிக்கச் செய்வதால், சீனி இறங்கிய பின்பும் மாரடைப்பு அபாயம் நீங்குவதில்லை. அந்தக் குளிசை கொலஸ்ரோலோடு அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டுமாம். தாதி அளந்தபோது சின்னம்மாவுக்கு 96 இருந்தது.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனையை வெளியே பணம் கட்டிச் செய்விக்கலாமா என்று கேட்டேன். நுண்ணளவுச் சிஆர்பி லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் அபாயம் கூடுதல்தான், ஆனால் தடிமனோ பல் ஈறு வீக்கமோ இருந்தாலும் அது ஏறும், சிகிச்சையும் மாறப்போவதில்லை என்று கூறி, அந்தப் பணத்துக்குக் கொலஸ்ரோலைப் பார்க்கும்படி சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து விற்கும் பொதிப் பரிசோதனைகளுக்குக் காசை இறைப்பதைக் கண்டிருக்கும் எனக்கு, அந்த நேர்மை பெரிதாகப் பட்டது.

கிணற்றடிக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று சின்னம்மா அப்போதுதான் வாய் திறந்தார். வெயில் களைப்பென்று எண்ணி எவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். உடனே ஈசிஜி எடுத்தார்கள். எப்போதோ வந்துபோன மாரடைப்பின் அடையாளம் அதில் இருந்தது. நீண்டகால நீரிழிவு நரம்புகளைக் கெடுத்துவிடுவதால், சிலருக்கு நெஞ்சுவலி தெரியாமலே அது நிகழ்ந்துவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுக் கொப்பியில் மூச்சு வாங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்க அவர்களுக்கு நேரமில்லை, சொல்ல இவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முறை சென்றபோது, இதய ஸ்கானுக்குப் பெரிய மருத்துவமனையில் திகதி எடுத்துத் தந்தார்கள். கொப்பியின் புதிய பக்கத்தில், சீனி அளவுக்குக் கீழே தாதி இடுப்பளவையும் எழுதினார். நிறுத்திய குளிசையைச் சின்னம்மா இப்போது இரவில் தவறாமல் போடுகிறார். தொலைபேசியில் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்.